முதல் கேள்வி காபியைப் பற்றி

எனக்குத் தலைக்கனம் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். காரைக்குடியில் இத்தனை வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்பில் ஓமின் விதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஒருத்தியும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. கொஞ்சம் தலைக்கனம் இல்லாமல் அது நடக்குமா? ஆனால் இப்போது நான் சொல்லப்போகும் பெருமை பள்ளிக்கூடத்துப் பெருமை இல்லை. அது ஒரு டம்ளர் காபியிலிருந்து வந்தது.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு, காதோரம் எல்லாம் தடிதடியாகப் படை எழும்பி, வெள்ளைச் செதிலாக உதிரும். தொட்டால் ஒட்டாது, யாருக்கும் பரவாது. இதை நான் சொல்லாத ஆள் இல்லை. எல்லோரும் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். தோளில் கிடக்கும் செதிலை யாராவது உற்றுப் பார்த்தால் சாக்பீஸ் தூள் என்று சொல்லிவிடுவேன். வாத்தியார் வேலையில் அப்படி ஒரு வசதி.

செதில் தெரியக் கூடாது என்று வெளிர் நிறப் புடவையாகவே கட்டிப் பழகிவிட்டது. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் வீட்டுக்காரர் சகாய ஆண்டனி ஒரு கண்டாங்கி வாங்கி வந்தார். நல்ல அடர்ந்த அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் கிடந்தது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

களிம்பு பூசிப் பார்த்தாயிற்று, ஒளிச் சிகிச்சைக்கு மதுரைக்கு அலைந்தாயிற்று. அப்போதுதான் எங்கள் ஊர் மருத்துவமனையில் தோல் டாக்டர் கார்த்திகேய சிவம் ஒரு புது மாத்திரையின் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார். ஊசியாகப் போட்டால் இந்த நோயை அடக்கும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே வேலையை விழுங்குகிற மாத்திரை செய்யுமா என்பதுதான் கேள்வி என்றார். வயிறு உள்ளே வந்ததையெல்லாம் செரித்துத் தள்ளிவிடும். அதைத் தாண்டி மருந்து ரத்தத்தில் சேர வேண்டும். அதனால் ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, மாத்திரை. அதன்பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு.

இந்தக் கண்டிப்பை என்னைப் போல் கடைப்பிடித்த ஆள் கிடையாது என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். எங்கள் வீட்டில் காலைக் காபி ஆண்டனியின் பொறுப்பு. டிகாஷன் இறக்கி, பாலைப் பொங்கவிட்டு, நுரை நிற்க ஆற்றிக் கட்டிலுக்கே கொண்டுவருவார். அதைக் குடித்துவிட்டு, தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் காத்திருந்து, அதன்பிறகு இட்லியில் கை வைப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது, படை அப்படியே இருந்தது. எனக்கு மட்டுமில்லை, ஆய்வில் சேர்ந்த காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மாத்திரை கேட்கவில்லை. மற்ற ஊர்களில் கேட்கிறதாம். டாக்டர் கார்த்திகேய சிவம் எங்கள் தோலைப் பார்க்கும்போதெல்லாம், பரீட்சையில் மொத்த வகுப்பும் பெயிலான வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகம் எனக்குத் தெரியும் என்பதால் அவர்மேல் இரக்கமாக இருந்தது.

மாசியில் தவக்காலம் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விடுவோம். ஆண்டனி கறியை விடுவார், நான் காபியை விடுவேன். எனக்கு அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது. திருநீற்றுப் புதனன்று தொடங்கினால் ஈஸ்டர்வரை வெந்நீர்தான். அந்த நாட்களில் என் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விடுவார்கள்.

அந்த வருடம் தவக்காலம் பாதி போகும்போதே முழங்கையில் தடிப்பு அமுங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று பூசைக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று பார்த்தேன். காதோரம் சுத்தமாக இருந்தது. மாத்திரை தாமதமாக வேலை செய்கிறது என்று டாக்டர் மகிழ்ந்து போனார். கோயிலில் பெண்கள் ஜெபத்தின் பலன் என்றார்கள். ஈஸ்டர் பூசைக்கு அரக்குக் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு போனேன். ஆண்டனி என்னை விட்டு இரண்டடி பின்னால் நடந்து வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, முழுசாகப் பார்க்கத்தான் என்றார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு அழுகை வந்த இடங்கள் கொஞ்சம்தான். அது ஒன்று.

ஈஸ்டர் முடிந்ததும் காபி திரும்ப வந்தது. சித்திரை முடிவதற்குள் படையும் திரும்ப வந்தது. கண்டாங்கி பீரோவுக்குள் போனது.

கடவுள் சுகத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் இல்லை என்பது என் நம்பிக்கை. அதனால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டே அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு முன்னால் மலையாண்டி உட்கார்ந்திருந்தார். சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயி, என்னோடு ஆய்வில் சேர்ந்தவர். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கையைப் பார்த்துவிட்டு ஏதாவது கெட்ட நோய் என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். கல்யாணத்தன்று அரைக்கைச் சட்டை போட்டுச் சபையில் நிற்க வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

ஆய்வுப் பிரிவு நர்ஸ் சத்தியப்பிரியா வழக்கம்போல அவரிடம் கேட்டாள்.

"வெறும் வயித்துலதானே மாத்திர போட்டீக?"

"ஆமாத்தா. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. எந்திரிச்சதும் ரெண்டு கிளாஸ் டீயக் குடிச்சேன், மாத்திரையப் போட்டேன், பஸ் ஏறிட்டேன்."

சத்தியப்பிரியா வெறும் வயிறு என்று எழுதிக்கொண்டாள். அவள் மேஜையிலும் ஒரு டீ டம்ளர் இருந்தது. உள்ளே டாக்டர் கையிலும் காபி இருந்தது. என் வயிற்றில் அன்று காலை ஆண்டனி கொடுத்த காபி இருந்தது, பாலும் சர்க்கரையுமாக. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் யாரையாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால் இட்லி, தோசை, சோறு இவற்றைத்தான் நினைப்போம். காபியும் டீயும் அந்தக் கணக்கில் வரவே வராது. கோயிலில் விரதம் இருக்கிறவர்களும் காபி குடித்துவிட்டு விரதம் என்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் காபி குடித்துவிட்டு வந்து நிற்போம். கேட்டவரும் இந்த ஊர், சொன்னவரும் இந்த ஊர். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவருக்கும் உண்மை தெரியவில்லை.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வருடா வருடம் செய்முறை வகுப்பில் பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்வது ஒன்று உண்டு: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, அதன்பிறகு வாயைத் திற. நிச்சயம் தெரியாமல் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு முழிப்பது என் குணத்துக்கு ஒத்துவராது. வீட்டுக்கு வந்து ஆண்டனியிடம் நாளையிலிருந்து மாத்திரைக்கு அப்புறம்தான் காபி என்றேன். தவக்காலம்தான் முடிஞ்சிருச்சே என்று பேய்முழி முழித்தார். விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார்; மறுநாள் என் மாத்திரைக்கு அரை மணி கழித்துத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்.

வைகாசி முழுக்க அப்படியே ஓடியது. வேறு எதையும் மாற்றவில்லை. ஆனி பிறந்தபோது முழங்கை வழவழவென்று இருந்தது.

அந்த வாரம்தான் டாக்டர் எல்லோரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். சொரியாசிஸுக்கு வாய்வழி மருந்துகளில் அடுத்து எதை ஆராய்வது என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து ஆய்வின் தலைமை டாக்டரம்மா வருகிறார். நோயாளிகளும் வந்து பேசலாம். அதோடு இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. காரைக்குடி மையத்தை மூடப்போகிறார்கள். மாத்திரை கேட்காதவர்களுக்கு அதோடு நிறுத்தம்; கேட்டவர்களை மட்டும் மதுரை மையத்தில் சேர்த்துக்கொள்வார்கள். கேட்டவள் என்று இந்த ஊரில் இருந்தது நான் ஒருத்திதான்.

கிளம்பும்போது ஆண்டனி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லாமக் கொள்ளாம நீயா காபிய நிப்பாட்டிப் பார்த்திருக்க. அது தெரிஞ்சா ஆய்வுல இருந்து உன்னயத் தூக்கிருவாக. பேசாம இருந்தா மதுரையில உனக்கு மாத்திர கெடைக்கும்ல?"

"கெடைக்கும்."

"அப்ப என்ன?"

"மலையாண்டிக்குக் கெடைக்காது."

அவர் நகர்ந்து வழிவிட்டார். ஆனால் சம்மதித்து விடவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே வண்டியில் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் கட்டியிருந்தது அரக்குக் கண்டாங்கி. தோளில் ஒரு பொட்டுச் செதில் இல்லை. இதை மறுபடியும் பீரோவுக்குள் வைக்கப்போகிறேன் என்று தெரிந்தேதான் படியேறினேன். நான் தியாகி எல்லாம் இல்லை. காரணம் தெரிந்துகொண்டே தப்பான விடைக்கு மார்க் போட என்னால் முடியாது, அவ்வளவுதான்.

மாடிக் கூடத்தில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். சென்னை டாக்டரம்மா திரையில் படம் போட்டு விளக்கினார். எல்லா ஊரிலும் கேட்கும் மாத்திரை இந்த ஊரில் மட்டும் கேட்கவில்லை. எனவே அடுத்த ஆராய்ச்சி இந்தப் பக்கத்து மக்களின் மரபணுவைப் பற்றி இருக்கலாம், குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி இருக்கலாம், இங்கத்துத் தண்ணீரைப் பற்றியும் இருக்கலாம். பக்கத்தில் மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டு தன் கையையே பார்த்தார். தன் ரத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மகளுக்கும் அதே ரத்தம்தானே. அதைப் பார்த்ததும் என் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நன்றாகப் பேசுவேன்.

எழுந்து, நோயாளிகளிடம் இரண்டு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றேன். கார்த்திகேய சிவம் தலையசைத்தார். இன்று காலை மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டவர்கள் கை தூக்கச் சொன்னேன். ஒரு கையும் எழவில்லை. காபி, டீ குடித்தவர்கள் தூக்குங்கள் என்றேன்.

அத்தனை கையும் மேலே போனது. முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து மலையாண்டியின் கையும் போனது. சென்னை டாக்டரம்மா கைகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கார்த்திகேய சிவம் தன் கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தார். அதை மெதுவாக, சத்தம் வராமல், மேஜையில் வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

பிறகு என் கதையைச் சொன்னேன். தவக்காலத்தில் விட்டது, ஈஸ்டரில் தொடங்கியது, பிறகு தெரிந்தே நிறுத்தியது எல்லாம்.

"தப்பு எங்க பக்கமும் இருக்கு, உங்க பக்கமும் இருக்கு. நாங்க காபியச் சாப்பாடுன்னு நெனைக்கல. நீங்க காபியப் பத்திக் கேக்கவே இல்ல. எங்க மரபணுவத் தேடுறதுக்கு முந்தி எங்க டம்ளரப் பாருங்க. எவ்வளவு நேரம் கழிச்சுக் குடிச்சா மாத்திரைக்குக் கெடுதல் இல்லன்னு ஆராயுங்க. பாலோட சேர்ந்தாலும் வேல செய்யிற மாத்திரைக்கு வழி பாருங்க. காபிய விட்டுட்டு இந்த ஊர் உங்க பின்னால வராது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, மாத்திரை எடுக்கும் முறையை யாரிடமும் சொல்லாமல் மாற்றி, அதை வாரக்கணக்கில் மறைத்ததால் நான் இந்த ஆய்வில் தொடர முடியாது என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

"தெரியும், டாக்டர். தெரிஞ்சுதான் சொன்னேன்."

உட்கார்ந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். காலையில் வாசலை மறித்த அதே மனிதர்.

எங்களிடம் முன்பே எடுத்துவைத்திருந்த ரத்தத்தைத் திரும்பப் பரிசோதித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ரத்தத்தில் மருந்து ஏறவே இல்லை என்பது தெரிந்தது. மற்ற ஊர்களில் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்களாம். கெட்டது ரத்தம் இல்லை, காபி குடித்த வேளைதான் என்று கார்த்திகேய சிவம் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொன்னார். மையம் மூடப்படவில்லை. தெரியாமல் குடித்தவர்கள்மேல் குற்றமில்லை என்று மற்ற எல்லோரும் புதுக் கண்டிப்போடு தொடர்ந்தார்கள். நான் மட்டும் வெளியே வந்தேன். ஆடி முடிவதற்குள் படை பழையபடி எழும்பிவிட்டது. வலித்தது, தோலைவிட மனசு. ஆனால் ஒரு நாள்கூட, சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நினைக்கவில்லை.

அப்படியிருக்கையில் டாக்டர் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கே வந்தார். அடுத்த ஆய்வுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, தை பிறந்ததும் நானும் அதில் சேரலாம் என்றார். நோயாளிகளிடம் தினமும் கேட்கப்போகும் கேள்விகளை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் கேள்வி: எழுந்ததும் காபி, டீ, பால், கஞ்சி இவற்றில் எது குடித்தீர்கள், மாத்திரைக்கு முன்பா பின்பா? இதே கேள்வியை எல்லா மையங்களிலும் கேட்கப்போகிறார்களாம். நான் அதை வாய்விட்டு வாசித்தேன். ஆண்டனி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கோடிக்கணக்கான ஆராய்ச்சிகளுக்கு நடுவே ஒரே ஒரு கேள்வி, ஆனால் என் கேள்வி. எனக்கு மார்பு விம்மியது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆவணியில் மலையாண்டி வீட்டுக் கல்யாணம். அன்று காலை பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். கை வெளிர்ப் புடவையின் பக்கம்தான் போனது. பிறகு அரக்குக் கண்டாங்கியையே எடுத்துக் கட்டினேன். சிங்கம்புணரி மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தோளில் வெள்ளை வெள்ளையாகச் செதில் விழுந்திருந்தது. நான் டீச்சர் என்று கேள்விப்பட்டிருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் அருகில் வந்து, தட்டிவிடக் கையை நீட்டினார்.

"சாக்பீஸ் தூளா டீச்சர்?"

"இல்லைங்க. சொரியாசிஸ். தொட்டா ஒட்டாது."

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு தட்டிவிட்டார். முந்தானையையும் சரிசெய்துவிட்டுப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

மலையாண்டி அரைக்கைச் சட்டையோடு வந்தார். இரண்டு கையும் பளிச்சென்று இருந்தன, சந்தனம் பூசியிருந்தார். சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், விடவே இல்லை. அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டு வந்தது. சம்பந்தி தன் கையாலேயே ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். பெண்ணைப் பெற்றவர் சம்பந்தி கொடுக்கும் காபியை மறுத்து நான் பார்த்ததில்லை.

"கோவிச்சுக்காதீக சம்பந்தி. மாத்திர போட்டு இன்னும் அரை மணி ஆகல. காபியும் சாப்பாடுதான். அந்தா இருக்காகல்ல, எங்க டீச்சர், அவுகதான் கண்டுபிடிச்சாக. அவுகளுக்குக் குடுங்க."

மொத்தச் சபையும் என் பக்கம் திரும்பியது. தட்டு என்னிடம் வந்தது. எனக்குத் தை வரைக்கும் மாத்திரை கிடையாது, கண்டிப்பும் கிடையாது. செதில் கிடந்த தோளை நிமிர்த்திக்கொண்டு என் காபியைக் குடித்தேன். பிறகு மலையாண்டி பங்குக் காபியையும் எடுத்துக் குடித்தேன்.